அளவுகோல் ஆற்ற கையில? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில 16ஆம், 17ஆம் நூற்றாண்டுப் பேரரசுகளைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருந்தனான், துருக்கியில உதுமானியர், ஈரானில சபாவியர், இந்தியாவில மொகலாயர், சீனாவில சிங் வம்சம் எண்டு நாலு பேரையும் தொட்டிட்டு விட்டிட்டன், இடம் காணாது. அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேச்சும் நான் நினைச்சதை விடக் கனக்க. எல்லாத்துக்கும் பதில் எழுதேலாது, திரும்பத் திரும்பக் கேட்டதுகளை எடுத்திருக்கிறன்.

சேர், எங்கட நோட்ஸில இந்த அரசுகளை "வெடிமருந்துப் பேரரசுகள்" எண்டு போட்டிருக்கு. பீரங்கி இருந்தபடியா தான் இவ்வளவு இடத்தைப் பிடிச்சவையோ? – ஏ.எல் மாணவி, சாவகச்சேரி

பிள்ளை, பீரங்கி முக்கியம் தான், அதை மறுக்கேலாது. 1514 இல சால்டிரான் எண்ட இடத்தில உதுமானிய சுல்தான் முதலாம் செலிமும் ஈரானின்ர ஷா இஸ்மாயிலும் மோதினவை, இஸ்மாயிலின்ர ஆக்கள் சிவப்புத் தொப்பி போட்ட குதிரைப்படை, தங்கட ஷாவைச் சாதாரண மனுசனா நினைக்காத ஆக்கள், உயிரைக் குடுக்கப் பயமில்லை, ஆனா செலிம் வண்டிலுகளைச் சங்கிலியால பிணைச்சு அதுக்குப் பின்னால பீரங்கியையும் துவக்குக்காரரையும் நிப்பாட்டி வைச்சிருந்தவர், குதிரைப்படை அதில வந்து மோதிச் சிதறிப் போச்சு. 12 வருசத்தால, 1526 இல, பானிபட்டில பாபரும் இதே வித்தையைத் தான் செய்தவர், ஏறக்குறைய 700 வண்டிலைத் தோல் கயித்தால பிணைச்சதா அவரே தன்ர நினைவுக்குறிப்பில எழுதி வைச்சிருக்கிறார், அதுவும் "ரூமி" ஆக்களின்ர முறையில, அதாவது துருக்கி முறையில செய்தது எண்டு. டெல்லி சுல்தானின்ர யானைப்படை ஒரு நாளுக்குள்ள முடிஞ்சுது.

ஆனா இதோட நிப்பாட்டினா பாதிக் கதை தான். சால்டிரானில வெண்ட செலிம் தப்ரீஸ் நகரம் வரைக்கும் போனவர், அங்க குளிர்காலத்தைக் கழிக்க அவற்ற சொந்தப் படையே மறுத்திட்டுது, திரும்பி வர வேண்டியதாப் போச்சு. தோத்த சபாவியர் அதுக்குப் பிறகும் 1722 மட்டும், 200 வருசத்துக்கு மேல, இருந்தவை! ரஷ்யாவை எடுங்கோ, 1552 இல நாலாம் இவான் கசான் கோட்டையை வெடிமருந்து வைச்சுத் தகர்த்துப் பிடிச்சது உண்மை, ஆனா சைபீரியாவுக்குள்ள போனது சின்னச் சின்னக் கூட்டமா ஆத்து வழியால போன ஆக்கள், போற இடத்தில ஒரு மரக்கோட்டை அடிக்கிறது, சுத்தியிருக்கிற சனத்திட்ட மிருகத்தோலைத் திறையா வாங்கிறது, பேந்து அடுத்த ஆறு, இப்பிடியே போய் 1639 இல பசுபிக் கடலைக் கண்டிட்டினம். சீனாவில 1644 இல, சிங் வம்சத்தை அமைச்ச மஞ்சு ஆக்களுக்குப் பெருஞ்சுவரின்ர வாசலைத் திறந்து விட்டதே மிங் அரசின்ர தளபதி ஒருத்தர் தான், ஏனெண்டா பீஜிங்கை அதுக்கு முதலே கிளர்ச்சிக்காரர் பிடிச்சிட்டினம்.

யாழ்ப்பாண அரசின்ர தலைநகரா இருந்த எங்கட நல்லூரையும் யோசிச்சுப் பாருங்கோ. 1619 இல போத்துக்கேயத் தளபதி ஒலிவேரா படையோட வரேக்க அரச குடும்பத்துக்குள்ள நடந்த வெட்டுக்குத்து முடிஞ்சு ரெண்டு வருசம் கூட வடிவா ஆகேல்லை. வாற ஆளின்ர பலத்தை மட்டும் எழுதாமல் இருந்த ஆக்களின்ர பிரிவினையையும் எழுதுங்கோ, சோதினையில அதுக்குத் தனிப் புள்ளி இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது, ஆனா உண்மை அது தான்.

தம்பி, நான் கச்சேரியில, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில, கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்த ஆள். ஒரு மாவட்டத்தின்ர கணக்கைச் சரிபாக்கவே எங்களுக்கு நாக்குத் தள்ளும். போனும் இல்லை ரயிலும் இல்லை, டெல்லியில இருந்து கொண்டு காபூலையும் வங்காளத்தையும் எப்பிடிக் கட்டி ஆண்டவை? – நல்லூர் வாசகர்

ஐயா, எனக்கு வந்ததுக்குள்ள நல்ல கேள்வி எண்டா இது தான். நீங்கள் வேலை செய்த "கச்சேரி" எண்ட சொல்லே மொகலாயர் காலத்து வட இந்திய அலுவலகங்களில புழங்கி வெள்ளைக்காரன்ர கையால எங்களிட்ட வந்த சொல், அப்ப உங்கட பழைய வேலைக்கும் அக்பருக்கும் தொடர்பு இருக்கு.

முதல் அளக்க வேணும். அக்பரின்ர ஆக்கள் முந்திச் சணல் கயிறு கொண்டு காணி அளந்தவை, சணல் கயிறு ஈரம் பட்டாச் சுருங்கும், காய்ஞ்சா நீளும், அப்ப காலமை பனியோட அளந்தா ஒரு கணக்கு, மத்தியானம் அளந்தா இன்னொரு கணக்கு, கயிறு சுருங்கினா அதே காணி கூடுதலாக் காட்டும், வரியும் கூடும். 1570களில அதை மாத்தி மூங்கில் துண்டுகளை இரும்பு வளையத்தால கோத்து அளவுகோல் செய்தவை, மூங்கில் சுருங்காது. ஒரு கமக்காரனுக்கு ஒரு பேரரசு எண்டது இந்த அளவுகோல் தான் ஐயா, டெல்லியையோ ஆக்ராவையோ அவன் காணப்போறேல்லை, தன்ர வரம்பில மூங்கிலை நீட்டிப் பிடிக்கிற ஆளைத் தான் காணுவான், அந்த ஆள் நேர்மையாப் பிடிக்கிறானோ சரிச்சுப் பிடிக்கிறானோ எண்டதில தான் அவன்ர பிள்ளையளின்ர சாப்பாடு இருக்கு.

அளந்த பிறகு 1580 இல அக்பரின்ர வரி அமைச்சர் தோடர் மால் தலைமையில ஒரு ஒழுங்கு வந்தது, 10 வருசத்து விளைச்சலையும் விலையையும் எடுத்துச் சராசரி பாத்து, விளைச்சலில மூண்டில ஒரு பங்கைக் காசா மாத்தி, இந்தப் பயிருக்கு இவ்வளவு எண்டு முதலே சொல்லி விடுறது. ஒவ்வொரு வருசமும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஆனா பஞ்சம் வந்த வருசம் சராசரி எண்ட கணக்கு கமக்காரனைக் கொல்லும், தள்ளுபடி குடுக்கிற வழக்கம் இருந்தது தான், அது கிராமம் வரைக்கும் வந்து சேருறது அந்த இடத்து அதிகாரியின்ர மனசைப் பொறுத்தது.

அடுத்தது சம்பளம். மொகலாயத்தில ஒவ்வொரு அதிகாரிக்கும் ஒரு எண் குடுத்தவை, அது தான் மன்சப், ஒரு எண் அவற்ற தரத்துக்கு, இன்னொண்டு அவர் எத்தினை குதிரைப்படை வைச்சிருக்க வேணும் எண்டதுக்கு. சம்பளம் கனபேருக்குக் காசாக் குடுக்கிறேல்லை, ஒரு இடத்தின்ர வரியை எடுக்கிற உரிமையாக் குடுக்கிறது, அது ஜாகிர். குதிரைக் கணக்கில களவு நடக்கும், கணக்கெடுப்பு அண்டைக்கு இரவல் குதிரையைக் கொண்டு வந்து நிப்பாட்டிப் போட்டு அடுத்த நாள் திருப்பிக் குடுத்திடுவினம், அதுக்காகக் குதிரைக்குச் சூடு போடுறதும் வீரன்ர முகஅடையாளத்தை எழுதி வைக்கிறதும் எண்டு அக்பர் கொண்டு வந்தவர். ஆளை ஒரே இடத்தில வேர்விட விடுறதும் இல்லை, மூண்டு நாலு வருசத்துக்கு ஒருக்கா இடமாத்தம். நீங்கள் அரசாங்க வேலையில பாத்த ரான்ஸ்பர் மாதிரித் தான், ஆனா இதால வந்த கேடும் பெரிசு, நாளைக்குப் போகப்போறன் எண்டு தெரிஞ்ச ஆள் ஏன் குளத்தைத் திருத்தப் போறான், இருக்கிற வரைக்கும் கறக்கத் தான் பாப்பான், ஔரங்கசீப் காலத்தில அங்க இருந்த பெர்னியே எண்ட பிரெஞ்சு வைத்தியர் இதைத் தான் கடுமையா எழுதி வைச்சவர்.

உதுமானியரும் இதே சிக்கலுக்கு வேற மருந்து தேடினவை. ஊர் ஊராப் போய் ஆம்பிளையளின்ர பேர், வீடு, விளைச்சல், ஆடு, தேன்கூடு எண்டு பதிவேட்டில ஏத்தி, அந்த ஊர் வரியைக் குதிரைவீரனுக்குப் பங்கு குடுத்தவை, தீமார் எண்டு பேர், அவன் யுத்தத்துக்கு வர வேணும். அரண்மனைக்கும் காலாள் படைக்கும் ஆள் எடுத்த விதத்தை நினைச்சா நெஞ்சு பதறும், பால்கனில கிறிஸ்தவக் குடும்பங்களிட்ட இருந்து, ஏறக்குறைய 40 வீட்டுக்கு ஒரு பெடியன் எண்டு, எடுத்துக்கொண்டு போய் மதம் மாத்தி, துருக்கி மொழி படிப்பிச்சு, சுல்தானின்ர அடிமையா வளக்கிறது. அதில போன பொஸ்னியாப் பெடியன் ஒருத்தன் தான் சொக்கொல்லு மெஹ்மெட் பாஷா, 1565 இல இருந்து 1579 இல கொலை செய்யப்படும் மட்டும் மூண்டு சுல்தான்மாருக்குப் பிரதம மந்திரி, தான் பிறந்த பக்கத்தில த்ரீனா ஆத்துக்குக் குறுக்கால ஒரு கல்லுப்பாலம் கட்டிக் குடுத்தவர், அது இப்பவும் நிக்குது. ஒரு பக்கம் பாத்தா ஏழைப் பெடியன் நாட்டை ஆளுற அளவுக்கு வந்தவன், மற்றப் பக்கம் பாத்தா பிள்ளையைப் பறிகுடுத்த தாய். வடக்கில இருக்கிற எங்களுக்கு இந்த ரெண்டாவது பக்கத்தை ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அரசன் பலவந்தமாப் பிடிச்ச நாட்டில சனம் ஏன் அவனை அரசன் எண்டு ஏற்றுக்கொண்டது? பயம் மட்டும் தானோ? – ஆசிரியை, கோப்பாய்

பயம் இருந்தது ரீச்சர், ஆனா பயத்தை மட்டும் வைச்சு 200, 300 வருசம் ஓட்டேலாது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவில கட்டியம் சொல்லுறதை நீங்கள் எத்தினை தரம் கேட்டிருப்பீங்கள், அதில "ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு" எண்டு ஒரு பேர் வரும், காதைக் குடுத்துக் கேளுங்கோ. 15ஆம் நூற்றாண்டில தெற்கில இருந்த கோட்டை (கோட்டே) அரசுக்காக யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச சப்புமல் குமாரயன் பிறகு புவனேகபாகு எண்ட பேரில அரசனானவர், கட்டியத்தில வாறது அவர் தான் எண்டு கனபேர் சொல்லுவினம், இல்லை வேற ஆள் எண்டு வாதாடுற ஆக்களும் இருக்கினம். ஆரா இருந்தாலும் ஒரு ஆட்சியாளன்ர பேர் முருகன்ர வாசலில இண்டைக்கும் பக்தியோட சொல்லப்படுது. இந்த ஊர்ச் சனம் எதைக் கும்பிடுதோ அதுக்குப் பக்கத்தில தன்ர பேரை வைச்சா அந்தப் பேர் நிலைக்கும், இதை அந்தக் காலத்து ஆட்சியாளர் எல்லாருமே தெரிஞ்சு வைச்சிருந்தவை. யாழ்ப்பாணத்தை ஆண்ட எங்கட ஆரியச்சக்கரவர்த்திகள் நாணயத்தில நந்தியையும் "சேது" எண்ட எழுத்தையும் போட்டது ஏன், நாங்கள் இராமேஸ்வரத்துச் சேதுவின்ர காவலர் எண்டு காட்டத் தானே.

அக்பர் 1564 இல முஸ்லிம் இல்லாத ஆக்கள் கட்டுற ஜிஸ்யா வரியை நிப்பாட்டினவர், ராஜபுத்திரரோட கலியாண உறவு வைச்சவர், விடியக் காலமை அரண்மனை யன்னலில வந்து நிண்டு சனத்துக்கு முகம் காட்டுறது வழக்கம், அதுக்குப் பேரே தரிசனம், அரசன்ர முகத்தைக் காணாமல் பச்சைத் தண்ணி குடியாத ஆக்கள் கூட இருந்தவையாம். கோயில் வாசலில திரை விலகுறதைப் பாத்துப் பழகின சனத்துக்கு அது புதுசாத் தெரிஞ்சிருக்காது. ஔரங்கசீப் அந்த வழக்கத்தை நிப்பாட்டினவர், மனுசனைக் கும்பிடுறது மார்க்கத்துக்கு ஒவ்வாது எண்டு, 1679 இல ஜிஸ்யாவையும் திருப்பிக் கொண்டு வந்தவர். அவருக்கு அது மனச்சாட்சி, அரசுக்கு அது பெரிய நட்டம் எண்டு தான் நான் நினைக்கிறன்.

சீனாவில மஞ்சு ஆக்கள் சிறுபான்மை, 1645 இல எல்லா ஆம்பிளையளும் முன்மயிரை வழிச்சுப் பின்னால சடை பின்ன வேணும், இல்லாட்டித் தலை போகும் எண்டு கட்டளை போட்டவை, கன ஊரில ரத்த ஆறு. ஆனா அதே ஆக்கள் தான் கன்பூசியஸ் நூல்களில வைக்கிற பழைய அரச சோதினையை நிப்பாட்டாமல் நடத்தினவை, படிச்ச குடும்பங்கள் பிள்ளையளை அந்தச் சோதினைக்கு அனுப்பத் தொடங்கின உடன பாதி எதிர்ப்பு அடங்கிப் போச்சு. சீனருக்குக் கன்பூசியஸ் வழியில ஆளுற பேரரசர், மங்கோலியருக்குக் கான், திபெத்தியருக்குப் புத்த சமயத்தின்ர காவலர், ஒரே ஆள் தான்! சிங் வம்சத்துச் சியான்லொங் பேரரசர் திபெத்தின்ர லாசாவில இருக்கிற பொத்தாலா மாளிகை மாதிரியே ஒரு கோயிலைத் தன்ர கோடைகால மாளிகைக்குப் பக்கத்தில கட்டுவிச்சு 1771 இல முடிச்சவர்.

ஷா இஸ்மாயிலின்ர கதை மறுவளம். பெரும்பான்மை சுன்னியா இருந்த நாட்டில 1501 இல ஷியா தான் அரச மதம் எண்டு அறிவிச்சு, சனத்தையே தன்ர பக்கம் மாத்தினவர். அதுக்காகச் செய்த கொடுமையளும் கனக்க, ஆனா இண்டைக்கு ஈரான் ஷியா நாடா இருக்கிறதின்ர தொடக்கம் அங்க தான்.

அண்ணை, மொகலாயர் ஏன் இஞ்சால் பக்கம் வரேல்லை? – காரைநகர்

தம்பி, கிட்ட வந்தவை. ஔரங்கசீப்பின்ர தளபதி சுல்பிகார் கான் 1690 இல இருந்து 1698 மட்டும் செஞ்சிக் கோட்டையை முற்றுகை போட்டுக் கிடந்தவர், செஞ்சி எண்டா தமிழ்நாட்டுக்குள்ள. கடல் கடக்க அவையிட்ட அதுக்கேத்த கப்பல் படை இல்லை, குதிரையும் எருத்து வண்டிலும் போற இடம் மட்டும் தான் அவையின்ர அரசு.

ஆனா உங்கட பக்கத்தில இருந்து யானை போனது. வன்னியில பிடிச்ச யானையளை ஆனையிறவுக் களப்பால நடத்திக் குடாநாட்டுக்குள்ள கொண்டு வந்து, ஊர்காவற்றுறையில கப்பல் ஏத்தினவை, டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தில யானை விக்கேக்க கோல்கொண்டாப் பக்கத்து வியாபாரிமார் வந்து நிப்பினம், வன்னிச் சிற்றரசரான வன்னியர் திறையாகவும் யானை தான் குடுக்க வேணும். கோல்கொண்டாவை 1687 இல ஔரங்கசீப் பிடிச்சவர். எங்கட காட்டில பிறந்த யானை எந்த அரசன்ர வாசலில போய் நிண்டுதோ.

இவ்வளவு பலமா இருந்தவை ஏன் விழுந்தவை? – வவுனியா

ஒரே காரணம் சொல்லுறவையை நம்பாதேங்கோ. சபாவியர் 1722 இல தங்கட தலைநகர் இஸ்பகானை ஆப்கானியரிட்டப் பறிகுடுத்தவை, 1739 இல ஈரானின்ர நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடி மயிலாசனத்தைத் தூக்கிக்கொண்டு போனவர், ஆனா உதுமானியர் 1683 இல வியன்னாவில தோத்த பிறகும் 1922 மட்டும் இழுத்தவை, சிங் வம்சம் 1912 மட்டும் இருந்தது. பொதுவாச் சொல்லலாமெண்டா, வரி எடுக்கிற உரிமையைக் குடுக்கிறதில கைநழுவினது. மொகலாயத்தில குடுக்க ஜாகிர் காணாமல் போச்சு, உதுமானியத்தில 1695 இல இருந்து வரிக் குத்தகையை ஆயுள் முழுக்க எழுதிக் குடுக்கத் தொடங்கினவை, குத்தகை எடுத்தவன் தன்ர ஊரில சின்ன அரசனாப் போனான்.

டச்சுக்காரருக்குக் கறுவாவும் யானையும் தானே தேவை, பிறகேன் எங்கட தேசவழமையை, யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்தை, இருந்து எழுதி வைச்சவை? எங்களில அக்கறையோ? – சட்டம் படிக்கிற மாணவன், திருநெல்வேலி

தம்பி, டச்சுக்காரர் கடல் வழியா வந்த வியாபாரக் கொம்பனி தான், ஆனா தரையில கால் வைச்ச உடன அவையும் அக்பர் செய்ததைத் தான் செய்ய வேண்டி வந்தது. போத்துக்கேயர் தொடங்கின தோம்பை, அதாவது காணியையும் ஆளையும் எழுதிற பதிவேட்டை, இவை திருப்பித் திருப்பி எழுதினவை. என்ர அம்மப்பாவின்ர பழைய காணி உறுதி ஒண்டு வீட்டில இருக்கு, மடிச்ச இடமெல்லாம் வெடிச்சுப் போச்சு, காணிக்கு ஒரு பேர், எத்தினை பரப்பு எத்தினை குழி, கிழக்கில ஆற்ற காணி, மேற்கில ஒழுங்கை, நிண்டு பயன்தரு பனை, பங்குக் கிணறு எண்டு வரிக்கு வரி எழுதியிருக்கு. அதைக் கையில எடுக்கிற நேரமெல்லாம் அந்த மூங்கில் அளவுகோல் தான் எனக்கு ஞாபகம் வரும்.

ஆருக்கு எந்தக் காணி எண்ட சண்டையைத் தீர்க்காமல் வரி எடுக்கேலாது, ஊர் வழக்கம் தெரியாமல் சண்டையைத் தீர்க்கேலாது. உதுமானியரும் பிடிச்ச மாகாணத்தில முதல் இருந்த வழக்கத்தைக் கேட்டுச் சட்டப் புத்தகமா எழுதினவை. இஞ்ச 1707 இல ஆளுநர் சிமொன்ஸின்ர கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் எண்ட டச்சு அதிகாரி எழுதி, தமிழில மொழிபெயர்ப்பிச்சு, 12 முதலிமாரிட்டக் காட்டி, சரி எண்டு அவை சொன்ன பிறகு தான் சட்டமானது. முதுசம் (பரம்பரையா வந்த சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்து) எண்டு இண்டைக்கும் எங்கட காணி நொத்தாரிசு வாயில வாற சொல்லெல்லாம் அதில இருக்கு, பங்காளிக்குச் சொல்லாமல் காணியை வெளி ஆளுக்கு விக்கேலாது எண்டதும் இருக்கு. எங்கட வழக்கம் அழியாமல் நிண்டது எண்டு பெருமைப்படுற ஆக்களில நானும் ஒராள்.

ஆனா அதே புத்தகத்தில அடிமையளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கு தம்பி, அதையும் வாசியுங்கோ. எந்தெந்தச் சாதி ஆக்கள் அடிமை, அவையின்ர பிள்ளையள் ஆருக்குச் சொந்தம், அவை செத்தா அவை தேடி வைச்சது ஆருக்கு எண்டெல்லாம் சட்டமா எழுதியிருக்கு. கொம்பனி கேட்டது 12 முதலிமாரை, காணியும் ஆளும் வைச்சிருந்த பெரிய மனுசரை. அடிமையாக இருந்தவையிட்ட, உங்கட வழமை என்ன எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை. வாய்ப்பேச்சா இருந்தா ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்திருக்கும், ஒரு இடத்தில இளகியிருக்கும், ஒரு தலைமுறையில மாறியிருக்கும், எழுதிக் கையெழுத்து வைச்ச பிறகு நீதிமன்றத்தில அது தான் வழமை. இலங்கையில அடிமைமுறையைச் சட்டத்தால முழுசா ஒழிச்சது 1844 இல, 137 வருசத்துக்குப் பிறகு.